குறைத்தால் யார் தலையில் ஏறும்?

2022 ஆகஸ்ட் 16 கோவையில், 18 மதுரையில், 22 சென்னைக் கலைவாணர் அரங்கில் என மூன்று இடங்களில் தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம் கருத்துக்கேட்புக் கூட்டம் நடத்தியது. ஏறக்குறைய எட்டு ஆண்டுகளுக்குப் பிறகு வந்த மின்கட்டண உயர்வு பற்றிய கூட்டம் அது. செப்டம்பர் 10 அன்று உயர்வு நடைமுறைக்கு வந்துவிட்டது. கடைசிக் கூட்டம் முடிந்து மூன்று வாரம்கூட ஆகவில்லை. "எல்லாம் முடிவு பண்ணிட்டுத்தான் கூப்பிடுறாங்க, போய்ப் பேசி என்ன ஆகப்போகுது?" என்ற பேச்சு அப்போதும் இருந்தது. அதைச் சோம்பேறியின் சாக்கு என்று ஒதுக்கிவிட முடியாது. முடிந்துபோன முடிவுக்குச் சாட்சிக் கையெழுத்துப் போட யாருக்குத்தான் மனம் வரும்?

சட்டம் கேட்பது என்னவென்று முதலில் பார்க்கலாம். 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 64ஆவது பிரிவின்படி, மின்வாரியம் தரும் கட்டண மனு வெளியிடப்பட வேண்டும். பொதுமக்களிடமிருந்து வந்த ஆலோசனைகளையும் ஆட்சேபங்களையும் பரிசீலித்து, மனு கிடைத்த 120 நாளுக்குள் ஆணையம் ஆணை பிறப்பிக்க வேண்டும். பரிசீலிக்க வேண்டும் என்பதோடு சட்டம் நின்றுகொள்கிறது. ஏற்க வேண்டும் என்று சொல்லவில்லை. "கேட்டோம், குறித்துக்கொண்டோம்" என்று ஒரு வரி எழுதிவிட்டுக் கேட்ட தொகையை அப்படியே அனுமதிக்கவும் அந்தச் சொல் இடம் கொடுத்துவிடும்.

2022க்குப் பிறகு கிடைத்த சலுகைகளும் அரங்கத்துக்கு வெளியிலிருந்தே வந்தன. அடுக்குமாடிக் குடியிருப்புகளின் மாடிப்படி விளக்கு, தண்ணீர் மோட்டார் போன்ற பொதுப் பயன்பாட்டுக்கு யூனிட்டுக்கு 8 ரூபாய் விதிக்கப்பட்டது. பத்து வீடுகளுக்கு மேற்படாத, மூன்று மாடிக்குள் அடங்கிய, லிஃப்ட் இல்லாத கட்டடங்களுக்கு அதை 5 ரூபாய் 50 காசாகக் குறைக்கும் அறிவிப்பு 2023 அக்டோபரில் முதலமைச்சரிடமிருந்து வந்தது. அதற்கு முந்தைய மாதம், நிலைக்கட்டணத்தையும் உச்சநேரக் கட்டணத்தையும் எதிர்த்துச் சிறு, குறு தொழிற்கூடங்கள் ஒருநாள் கதவடைத்தன. இதையெல்லாம் பார்க்கிறவர், அரங்கத்தில் நின்று பேசுவதைவிடத் தெருவில் நிற்பது மேல் என்று நினைத்தால் தவறு சொல்ல முடியாது.

ஆனால் தெருவுக்கும் ஒரு விலை இருந்தது. 1970இல் பம்புசெட்டுக்கான மின்கட்டணத்தில் ஒரு பைசாவைக் குறைக்கச் சொல்லிக் கோவை வட்டாரத்து உழவர்கள் போராடினார்கள். ஜூன் 19 அன்று பெருமாநல்லூரில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் மூன்று பேர் இறந்தார்கள். இரண்டு ஆண்டு கழித்து, நாராயணசாமி நாயுடு முன்னின்ற போராட்டத்தில் மாட்டுவண்டிகள் கோவை நகரச் சாலைகளை அடைத்து நின்றன. "இந்தக் கட்டணம் ஏன்?" என்று வாரியத்தை நிற்கவைத்துக் கேட்க அன்று ஒரு மேடை கிடையாது. இன்று இருக்கிறது, கேட்ட கேள்வி பதிவாகிறது. ஆணையில் தவறு இருந்தால் 45 நாளுக்குள் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். அங்கே போகிறவர் கையில், இந்த ஆட்சேபத்தை அன்றே சொன்னோம், பதில் வரவில்லை என்று காட்ட ஒரு தாள் இருப்பது பெரிய பலம். மூன்று உயிர் போன மண்ணில், வந்து பேசுங்கள் என்று போடப்பட்ட நாற்காலிகளைக் காலியாக விடுவது சரியாகப்படவில்லை.

போவது சரி. போய் என்ன பேசுவது என்பதுதான் இதைவிடக் கடினமான அறக்கேள்வி.

வாரியம் ஆணையத்திடம் கொண்டுபோவது ஒரு மொத்தக் கணக்கு. மின்சாரம் வாங்க இவ்வளவு, நிலக்கரிக்கு இவ்வளவு, சம்பளம், வட்டி, பராமரிப்பு. அந்தத் தொகையை வீடு, கடை, விசைத்தறி, ஆலை என்று பிரித்துச் சுமத்துவதே கட்டண நிர்ணயம். வீட்டுக்குக் குறைத்தால் ஆலைக்கு ஏறும். ஆலைக்குக் குறைத்தால் கடைக்கு ஏறும். எவருக்கும் ஏற்றாவிட்டால் அரசு மானியம் தர வேண்டும், அல்லது கடன் வளரும். வாரியத்தின் கடன் 1.59 லட்சம் கோடி ரூபாய் என்று 2022இல் அரசே சொன்னது. கட்டணம் ஏறாத ஆண்டுகள் இனாமாகக் கழியவில்லை. அவற்றுக்கான வட்டி ஓடிக்கொண்டுதான் இருந்தது. அதைக் கட்டப்போகிறவர்களில் பலர் இன்று பள்ளிக்கூடத்தில் இருக்கிறார்கள்.

அப்படியிருக்க, "எங்கள் பிரிவுக்கு மட்டும் உயர்வு வேண்டாம்" என்று சொல்லிவிட்டு ஒருவர் மைக்கை விட்டு இறங்கும்போது, தன் பங்கை அந்த அரங்கத்தில் இல்லாத யாரோ ஒருவர் தலையில் வைத்துவிட்டுத்தான் இறங்குகிறார். வசதியும் படிப்பும் உள்ளவர், வழக்கறிஞரோடு வரும் சங்கம், இவர்களிடம் "உங்களுக்குக் குறைத்தால் யாருக்கு ஏற்றலாம்?" என்று திருப்பிக் கேட்பது நியாயம். மாதக் கடைசியில் கையில் ஒன்றுமில்லாதவரிடம் அதே கேள்வியைக் கேட்பது கொடுமை. அவர் தன் கஷ்டத்தைச் சொன்னால் போதும். கணக்கைச் சரிக்கட்டுவது அவர் வேலை அல்ல.

யாருக்கும் பாரம் ஏற்றாத ஆட்சேபங்களும் உண்டு. அவை மொத்தத் தொகையையே கேள்வி கேட்பவை. வழியில் இழப்பாகும் மின்சாரம் எவ்வளவு, அதைக் குறைக்க என்ன செய்தீர்கள்? வெளியிலிருந்து இந்த விலைக்கு ஏன் வாங்கினீர்கள்? மின்நிலையத் திட்டம் தாமதமானதற்கான வட்டியை நுகர்வோர் ஏன் சுமக்க வேண்டும்? இப்படிக் கேட்க மனுவின் அட்டவணைகளோடு பல இரவுகள் உட்கார வேண்டும். அந்த உழைப்பைத் தருகிறவர் ஊருக்கே நன்மை செய்கிறார்.

அட்டவணைக்குள் போனால் வேறொன்றும் தெரியும். 2022 ஆணைப்படி, இரண்டு மாதத்துக்கு 500 யூனிட் ஓடிய வீட்டுக்கு 1,725 ரூபாய். முதல் 100 இலவசம், அடுத்த 100 யூனிட் 2 ரூபாய் 25 காசு வீதம், அதற்கடுத்த 200 யூனிட் 4 ரூபாய் 50 காசு வீதம், கடைசி 100 யூனிட் 6 ரூபாய் வீதம். 501 ஆனால் 2 ரூபாய் 25 காசுப் படியே காணாமல் போய்விடுகிறது. அந்த ஒரு யூனிட்டுக்கு 8 ரூபாயும் சேர்ந்து பில் 1,958 ரூபாய். ஒரே ஒரு யூனிட்டுக்காக 233 ரூபாய் கூடியது. அதிகம் செலவழிப்பவர் அதிகம் கொடுக்கட்டும் என்ற எண்ணம் நல்லதுதான். ஆனால் மீட்டருக்குத் தெரிவது இணைப்பு மட்டும். அதன் பின்னால் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பது அதற்குத் தெரியாது. தனி மனிதர் ஏசி போட்டு 501ஐத் தொட்டாலும், ஒரே இணைப்பில் மூன்று குடித்தனம் மின்விசிறி ஓட்டி 501ஐத் தொட்டாலும் பில் ஒன்றுதான்.

மாடிப்படிக்கு அடியில் வரிசையாகச் சின்னச் சின்ன சப்மீட்டர்கள் மாட்டிய வீடுகளைச் சென்னையில் எந்தத் தெருவிலும் பார்க்கலாம். இபியிலிருந்து ரீடிங் எடுக்க வருகிறவர் வாசலில் இருக்கும் பெரிய மீட்டரைப் பார்த்துவிட்டுப் போய்விடுவார். உள்ளே இருப்பதை வீட்டுக்காரர் பார்த்து, யூனிட்டுக்கு இவ்வளவு என்று தான் வைத்த ரேட்டில் வாங்கிக்கொள்வார். 100 யூனிட் இலவசம் அந்தப் படிக்கட்டுக்கு அடியிலேயே நின்றுவிடுவதும் உண்டு. உயர்வு மட்டும் தவறாமல் உள்ளே வரும். இந்தக் குடித்தனக்காரர் பெயரில் இணைப்பு கிடையாது. வாரியத்தின் கணக்கில் அவர் நுகர்வோரே இல்லை.

ஆட்சேபத்தை எழுத்தாகவும் அனுப்பலாம். ஆனாலும் எழுதியனுப்பிய காகிதமும் நேரில் நின்று சொன்ன சொல்லும் கேட்பவர் மனதில் ஒரே எடை பெறுவதில்லை. 2022இன் மூன்று கூட்டங்களும் செவ்வாய், வியாழன், திங்கள் என வேலை நாட்களில் நடந்தன. வீட்டுவேலை செய்கிறவருக்கும் கட்டட வேலைக்குப் போகிறவருக்கும் அங்கே போக ஒருநாள் கூலி செலவு. கூலியை இழக்காமல் நேரில் போகக்கூடியவர்களுக்கு, தங்களுக்குப் பேசக் கிடைக்கும் நேரத்தில் ஒரு நிமிடத்தையாவது படிக்கட்டுக்கு அடியில் இருக்கும் மீட்டருக்கு ஒதுக்கும் கடமை இருக்கிறது. தங்கள் குடியிருப்போர் சங்கத்தின் கோரிக்கையோடு இதையும் சேர்த்துப் படிப்பதால் அவர்களுக்கு நஷ்டம் எதுவும் வராது.

கேட்பவர்களின் கடமை இதைவிடப் பெரியது. வேலை நாளில் கூலியை விட்டு ஒருவர் வந்து சொன்ன ஆட்சேபத்துக்கு, ஏற்கிறோம் அல்லது இன்ன காரணத்தால் ஏற்கவில்லை என்று ஆணையில் அவருக்குப் புரியும் தமிழில் பதில் இருக்க வேண்டும். கூட்டம் ஞாயிற்றுக்கிழமையிலோ மாலையிலோ நடப்பதற்கு என்ன தடை என்பதையும் ஆணையம் சொல்ல வேண்டும்.

2022 ஆணை அந்த ஓராண்டோடு முடியவில்லை. 2026-27 வரை ஆண்டுதோறும் ஜூலையில், 6 விழுக்காடு அல்லது விலைவாசி உயர்வு, இரண்டில் எது குறைவோ அந்த அளவு கட்டணம் ஏற அதிலேயே வழி வைக்கப்பட்டது. 2023இல் 2.18 விழுக்காடு, 2024இல் 4.83, 2025இல் 3.16 என்று ஏறியதெல்லாம் அந்த மூன்று கூட்டங்களைத் தொடர்ந்து வந்த ஆணையிலிருந்து வந்தவை. இவற்றில் 2023, 2025 உயர்வுகளை வீடுகளுக்காக அரசே ஏற்றது. 2024 உயர்வு வீடுகளுக்கும் வந்தது. அந்த ஆணையின் காலம் 2027 மார்ச்சில் முடிகிறது. அடுத்த மனு வரும்போது அறிவிப்பு நாளிதழின் உள்பக்கத்தில் சின்ன எழுத்தில் வரும். அதைப் பார்க்கிறவர் அன்றே கத்தரித்து, அந்தப் படிக்கட்டுக்கு அடியில், சப்மீட்டருக்குப் பக்கத்தில் ஒட்டிவைக்கலாம்.