காட்டுவதும் பதிவதும்

பெரிய தாள் ஃபிலிமில் படமெடுக்கும் லார்ஜ் ஃபார்மட் கேமராவை வாங்க நினைப்பவருக்கு முதலில் வருவது ஆசை, அடுத்து வருவது விலை. ஜெர்மனியின் லின்ஹாஃப், சுவிட்சர்லாந்தின் சினார் என உலோகத்தில் கடைந்தெடுத்த கேமராக்கள் ஒரு பக்கம். அவற்றில் பற்சக்கரம் வழுவழுவென்று நகரும். ஒவ்வொரு சாய்வுக்கும் பாகைக் குறி பொறித்திருக்கும். நடுநிலைக்கு வந்ததும் ‘டக்’கென்று நிற்கும். மறுபக்கம், 2014-இல் பிரிட்டனில் தொடங்கிய இன்ட்ரெபிட் போன்ற பிளைவுட் கேமராக்கள். சில நூறு பவுண்டில் கிடைக்கும். கையால் சாய்த்து, கண்மதிப்பில் நிறுத்தி, திருகை இறுக்க வேண்டும். இரண்டுக்கும் விலையில் பல மடங்கு வித்தியாசம். அந்த வித்தியாசம் படத்தில் தெரியுமா?

இந்தக் கேமராவைப் பிரித்துப் பார்த்தால் ஏமாற்றமாகக்கூட இருக்கும். முன்னால் லென்ஸைத் தாங்கும் ஒரு பலகை, பின்னால் ஃபிலிமைத் தாங்கும் ஒரு சட்டம், நடுவில் ஆர்மோனியத் துருத்திபோல் மடிப்பு மடிப்பான பெல்லோஸ். அவ்வளவுதான். பின்சட்டத்தில் முதலில் ஒரு மங்கல் கண்ணாடி இருக்கும். கறுப்புத் துணியைத் தலைக்கு மேல் போர்த்திக்கொண்டு பார்த்தால், எதிரே உள்ள காட்சி அதில் தலைகீழாக விழுந்திருக்கும். துலக்கமாகும்வரை முன்னும் பின்னும் நகர்த்திவிட்டு, கண்ணாடி இருந்த இடத்தில் ஃபிலிம் ஹோல்டரைச் செருகினால் படம் பதியத் தயார்.

இனி கணக்கைப் பார்க்கலாம். 35 எம்.எம். ஃபிலிமை 16 அங்குல உயரப் படமாக்க ஏறக்குறைய 17 மடங்கு பெருக்க வேண்டும். 4×5 அங்குலத் தாளை 4 மடங்கு பெருக்கினால் போதும். பெருக்கம் குறையக் குறைய, பிழையும் பெரிதாகாமல் அடங்கிக் கிடக்கும். சின்ன ஃபிலிமில் ஒரு புள்ளி 0.03 மில்லிமீட்டர்வரை பரவலாம் என்றால், 4×5 தாளில் 0.1 மில்லிமீட்டர்வரை பரவலாம் என்பது வழக்கமான கணக்கு. பிழைக்குக் கிடைக்கும் சலுகையை லென்ஸின் துளையும் சேர்ந்தே தீர்மானிக்கும். எஃப் எண் கூடினால் துளை சிறிது. எஃப்/2 துளையில் எடுக்கும் சின்னக் கேமராவில் ஃபிலிம் நிற்க வேண்டிய இடத்துக்குக் கிடைக்கும் சலுகை மொத்தம் 0.12 மில்லிமீட்டர். எஃப்/22 துளையில் எடுக்கும் பெரிய கேமராவில் அதுவே 4.4 மில்லிமீட்டர். காட்சியின் ஆழமும் இதில் பங்கு கேட்கும் என்பது உண்மைதான். ஆனாலும் கருவி பெரிதாகப் பெரிதாகத் துல்லியமும் கூட வேண்டும் என்ற நம் ஊகத்தை இந்தக் கணக்கு தலைகீழாக்கிவிடுகிறது. பெரிய கேமராதான் பிழை பொறுக்கும்.

மலிவான கேமராவின் பின்சட்டம் ஒரு பாகை கோணலாக நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். 5 அங்குல நீளத்தில் ஓரத்துக்கு ஓரம் 2.2 மில்லிமீட்டர் வேறுபாடு வரும். எஃப்/22 தரும் சலுகையில் அது பாதி. எஃப்/5.6 என லென்ஸை முழுக்கத் திறந்து பார்த்தால் சலுகை 1.1 மில்லிமீட்டராகச் சுருங்கும், ஓரங்கள் மங்கும். கண்ணாடியில் காட்சியைச் சரிபார்ப்பது அப்படித் திறந்து வைத்துத்தான். ஆகவே கோணல் இருந்தால், துணிக்குள் இருப்பவர் கண்ணுக்கு அது அப்போதே அகப்பட்டுவிடும். விரலால் ஒரு தட்டுத் தட்டினால் சரியாகும்.

கோணல் என்பதே இந்தக் கேமராவுக்குக் குறை ஆகாது. ஆஸ்திரிய ராணுவ அதிகாரி தியோடர் ஷைம்ஃப்லூக் 1904-இல் காப்புரிமைக்காக எழுதிவைத்த விதி இதற்கு ஆதாரம். லென்ஸின் தளம், ஃபிலிமின் தளம், துலக்கமாக விழ வேண்டிய காட்சியின் தளம் மூன்றும் ஒரே கோட்டில் சந்தித்தால், காலடிப் புல்லிலிருந்து தொலைதூர மலைவரை துலங்கும். அதற்கு லென்ஸையோ ஃபிலிமையோ சாய்த்தே ஆக வேண்டும். காசு கொடுத்து வாங்கும் ‘டக்’கென்ற நடுநிலை, வேலை தொடங்கியதும் விட்டு நீங்க வேண்டிய இடம். ஒரே நாளில் கட்டடம் கட்டடமாக எடுத்துத் தள்ளும் தொழில்காரருக்கு அந்த நிறுத்தம் நேரத்தை மிச்சமாக்கும். அந்தப் பயனுக்கு அந்த விலை தகும்.

கச்சிதமான கருவிதான் வேண்டும் என்பதில்லை என்பதற்குப் பழைய எடுத்துக்காட்டும் உண்டு. பாரிஸின் தெருக்களையும் படிக்கட்டுகளையும் கடை முகப்புகளையும் ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் படமெடுத்த எழேன் அட்ஜே, 1927-இல் இறந்தார். அவரிடம் இருந்தது 18×24 செ.மீ. கண்ணாடித் தகடு ஏற்கும் மரக் கேமரா. உயரமான கட்டடம் சாயாமல் நிமிர்ந்து விழ, லென்ஸை மேலே ஏற்றுவார். சில சமயம் லென்ஸ் வீசும் ஒளிவட்டத்தின் எல்லையையே தாண்டிவிடுவார், படத்தின் மேல் மூலைகள் இருண்டுபோகும். அந்த இருட்டை அவர் மறைக்கவில்லை. இன்று அந்தப் படங்களைப் பார்ப்பவர்களும் மூலையில் நிற்பதில்லை, அந்தப் பழைய பாரிஸுக்குள் போய்விடுகிறார்கள்.

அப்படியானால் துல்லியம் என்பதே வெறும் மூடநம்பிக்கையா? அங்கேதான் நிதானிக்க வேண்டும். எவ்வளவு மலிவான கேமராவிலும் கறாராக இருக்க வேண்டிய ஓர் இடம் உண்டு. மங்கல் கண்ணாடி லென்ஸிலிருந்து எவ்வளவு தொலைவில் இருந்ததோ, ஃபிலிமும் அதே தொலைவில் வந்து உட்கார வேண்டும். அதற்காகவே 4×5 ஹோல்டரில் ஃபிலிம் கிடக்கும் ஆழத்தை 0.197 அங்குலம், அதாவது 5 மில்லிமீட்டர் என்று தர நிர்ணயம் செய்திருக்கிறார்கள். கூடவோ குறையவோ 0.18 மில்லிமீட்டருக்கு மேல் விடுவதில்லை. கண்ணாடி பளிச்சென்று தெரியட்டும் என்று அதற்கு முன்னால், லென்ஸ் பக்கமாக, ஒரு ஃப்ரெனல் தகட்டை வைத்தால் அதன் தடிமனில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குக் காட்சி விழும் இடம் பின்னுக்குப் போகும். கண் ‘துலக்கம்’ என்று சொன்ன இடத்தில் ஃபிலிம் இருக்காது. துணிக்குள் இருப்பவருக்கு அது தெரியவே தெரியாது.

பெல்லோஸில் விழும் ஊசித்துளையும் அப்படித்தான். இறுக்கிய பிறகும் மெல்ல வழுக்கும் திருகும் அப்படித்தான். எட்வர்ட் வெஸ்டன் 1930-இல் ஒரு குடைமிளகாயைத் தகரப் புனலுக்குள் வைத்து, 8×10 கேமராவில் நெடுநேரம் ஒளியேற்றி எடுத்தார். ‘பெப்பர் எண் 30’ என்று புகழ்பெற்ற படம் அது. அத்தனை நேரமும் ஃபிலிம் கண்ணாடியின் இடத்தைப் பிடித்திருக்கும், உள்ளே பார்க்க வழியில்லை. கேமரா அசையாமல் நின்றதா என்பதற்குப் படம்தான் சாட்சி. அதுவும் எல்லாம் முடிந்த பிறகு வரும் சாட்சி.

இங்கே ஒரு கோடு தெரிகிறது. சாய்வு, கோணல், உயரம் எல்லாம் கண்ணாடியில் தெரியும், தெரிந்தால் திருத்தலாம். அங்கே கருவி சுமாராக இருந்தாலும் கண் ஈடுகட்டிவிடும். கண்ணாடிக்கும் ஃபிலிமுக்கும் உள்ள பொருத்தம் தெரியாது, தெரியவரும்போது திருத்தக் காலம் இருக்காது. அங்கே மட்டும் கண்ணுக்குப் பதிலாகத் துல்லியம் காவலுக்கு நிற்க வேண்டும். மற்றதெல்லாம் வசதி, இது ஒன்றுதான் நாணயம்.

மனிதர்கள் நாம் பெரும்பாலும் இதை மாற்றிச் செய்கிறோம். நேரில் பேசும்போது சொல்லை எண்ணி எண்ணி எடுக்கிறோம். அங்கே சொல் சற்றுப் பிசகினாலும் எதிரில் இருப்பவரின் முகம் காட்டிக்கொடுத்துவிடும், அந்தக் கணமே திருத்திக்கொள்ளலாம். அவர் எழுந்து போன பிறகு அவரைப் பற்றிச் சொல்லும் சொல்லில்தான் அலட்சியமாகிறோம். அங்கே எந்த முகமும் நம்மைத் திருத்தாது, சொன்னது சொன்னபடியே பதிந்துவிடும். பார்வை காவலிருக்கும் இடத்தில் தாராளமாக இருக்கலாம். யாரும் பார்க்க முடியாத அந்த 5 மில்லிமீட்டரில் ஒருவர் எப்படி நடந்துகொள்கிறாரோ, அவருடைய தரம் அதுதான்.