பித்துற்றாரும் தண்டமும்

சித்தங் கலங்கிய ஒருவன் சேத்தூர்த் தெருவில் ஓலமிட்டுக் கல்லெறிகின்றான். அயலார் காவலரை அழைக்கின்றனர் எனக் கொள்க. வந்த காவலர் அவன்மேல் தடியோச்சுதல் அறமாகுமோ என்பது ஈண்டு ஆராயற்பாலது.

தண்டம் அறிந்து செய்த குற்றத்தின்மேலது. மனமோ உயிருக்கு வாய்த்த கரணம். அது பழுதுற்றவழி அறிவு விளங்காது. கண்ணிற் படலம் படர்ந்தோன் இடறியபோது அவனை அடிப்பாருளரோ? ‘நில்’ என்னும் ஆணை செவியிற் பட்டும் உள்ளத்திற் புகாதானைக் கீழ்ப்படியாதவன் எனப் புடைத்தல் பேதைமையாம்.

அவன் பிறரைக் கொல்ல வரின் வாளாவிருப்பதோ எனின், அன்று. பலர் கூடிப் பற்றுதற்கு வேண்டுமளவு வலிமை காவலின்பாற்படும். பற்றியபின் விழும் ஓரடியும் வெகுளியின்பாற்படும். காவலர்க்கும் அச்சம் உண்டென்பது மெய்யே. பிட்டுக்கு மண் சுமந்த கூலியாள் ஆடியும் பாடியும் உறங்கியும் பித்தன்போல் இருந்தமை கண்டு பாண்டியன் பிரம்பால் அடித்தான்; அவ்வடி எல்லா உயிர்மேலும் பட்டது, அரசனும் தப்பினானல்லன். ஆவணி மூலந்தோறும் கேட்கும் இவ்வரலாற்றைக் காவல் நிலையத்தோடு இயைத்து எண்ணுவார் சிலரே.

1912-ஆம் ஆண்டுச் சட்டம் இத்தகையோரைக் கைது செய்யக் காவலர்க்கு அதிகாரம் அளித்தது. 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 100-ஆம் பிரிவோ, பாதுகாப்பில் ஏற்று 24 மணி நேரத்துள் அணித்தான அரசு மருத்துவ நிலையத்திற்குக் கொண்டுசெல்லுமாறும், காவற்கொட்டடியில் எவ்வாற்றானும் அடைக்காதிருக்குமாறும் விதிக்கின்றது. சேத்தூரார்க்கு இராசபாளையம் அரசு மருத்துவமனை அணித்தே. அழைப்போர் ‘கலகக்காரன்’ என்னாது ‘நோயாளி’ என்றே காவலர்க்கு உரைப்பாராக.