பிரசாதமும் பிரமாணமும்

2018 டிசம்பர் 14-இல், கர்நாடகத்துச் சாமராஜநகர் மாவட்டத்துச் சுல்வாடி கிராமத்தில், மாரம்மன் சந்நிதியில் வழங்கப்பெற்ற பிரசாதத்தை உண்டு 15-க்கும் மேற்பட்ட பக்தர்கள் மாண்டபோது, தெய்வத்திற்கு நிவேதித்த அன்னமும் நஞ்சாகுமோ என்ற வினா ஆஸ்திக உள்ளங்களை வருத்தியிருக்கும். பொருளின் சுபாவம் மந்திரத்தால் மாறுவதில்லை என்றே நான் கருதுகிறேன். மடைப்பள்ளியின் சுத்தியில் ஆகமங்கள் இத்தனை கண்டிப்புக் காட்டியதும் அக்காரணம் பற்றியே போலும்.

அந்த அன்னத்தில் மோனோகுரோட்டோபாஸ் என்னும் பூச்சிக்கொல்லி இருந்ததென்று தடய அறிவியலார் கண்டறிந்தனர். இத்தகைய ஆய்வு, புகையைக் கொண்டு நெருப்பைத் துணியும் நையாயிகரின் அனுமானத்திற்கு ஒப்பானதே: சோற்றையும் வாந்தியையும் கரைப்பானில் இட்டு, எண்ணெயையும் மசாலையையும் விலக்கி, எஞ்சிய சாரத்தை நிறப்பகுப்புக் கருவியில் செலுத்தி, அது வெளிப்படும் நேரத்தையும் அதன் மூலக்கூறு சிதறும் துணுக்குகளையும் தூய நஞ்சின் மாதிரியோடு ஒப்பிட்டு, நஞ்சற்ற சோற்றில் அவை தோன்றாமையையும் சோதித்த பின்னரே வியாப்தி, அதாவது குறிக்கும் குறிக்கப்படுவதற்கும் உள்ள மாறாத் தொடர்பு, உறுதிப்படுகிறது.

ஆயினும், நரம்புகளுக்கு இன்றியமையாத நொதியொன்றை முடக்கும் அந்நஞ்சை எவ்வளவு நுட்பமாக அளந்தாலும், கலந்த கையின் சங்கற்பம் கருவியில் கோடாக விழுவதில்லை. 2013-இல் பீகாரின் சாரண் மாவட்டத்துப் பள்ளியொன்றின் மதிய உணவில் கவனக்குறைவால் கலந்து 23 குழந்தைகளைக் கொன்றதும் இதே நஞ்சே. சுல்வாடியிலோ பகையால் கலந்தனர் என்பது காவல் துறையின் குற்றச்சாட்டு. நோக்கமே கர்மம் என்று பௌத்தர் கூறியதும், எண்ணாது செய்த தீங்கும் வினையாய் ஒட்டும் என்று சமணர் மறுத்ததும், இரசாயனம் வாய்மூடும் இந்த இடத்திலேதான் தொடங்குகின்றன.