நீர் புகாத பூச்சு

நீர் புகாத பெயிண்ட் என்று ஒன்று கிடையாது. தூத்துக்குடியில் துறைமுக இரும்புக்கு அடித்த பூச்சைச் சோதித்துக் கையெழுத்துப் போடுவது என் பிழைப்பு. டப்பாவில் என்ன அச்சடித்திருந்தாலும் இதைத்தான் சொல்வேன். கேம்பிரிட்ஜைச் சேர்ந்த துரு ஆய்வாளர் மேய்ன் 1952-இலேயே எழுதிவிட்டார்: இரும்பு துருப்பிடிக்க எவ்வளவு நீரும் ஆக்சிஜனும் வேண்டுமோ, அவ்வளவும் பூச்சின் ஊடாகத் தாராளமாகப் போய்க்கொண்டுதான் இருக்கிறது. அப்படியானால் பூச்சு எதைத்தான் காக்கிறது?

இந்தக் கேள்வி எனக்குச் சூடு பிடித்தது சைவ சித்தாந்த வகுப்பில். முத்தி பெற்ற உயிரிடத்திலும், அதை மறைக்கும் அழுக்கான ஆணவ மலம் அழிவதில்லை, அதன் சக்தி மட்டுமே அடங்கிக் கிடக்கிறது என்றார் ஆசிரியர். பதி (இறை), பசு (உயிர்), பாசம் (ஆணவம் முதலிய கட்டு) மூன்றுமே அனாதி, தொடக்கமில்லாதவை. அனாதிப் பொருளுக்கு அழிவு ஏது என்பது வாதம். பக்கத்தில் இருந்த ஓய்வுபெற்ற தபால்காரருக்குப் பொறுக்கவில்லை. "அழுக்கு உள்ளயேதான் கிடக்கும், ஆனா விடுதலைங்கீங்க. அது என்ன விடுதலை ஐயா?" என்று கேட்டுவிட்டார். நியாயமான கேள்வி. ஆனாலும் எனக்கு ஆசிரியர் சொன்னது உடனே பிடிபட்டது. தொழில் அப்படி.

எப்பாக்ஸி அடித்து இரண்டு மழைக்காலம் கழிந்த இரும்பில் கொப்புளம் கிளம்பியிருக்கும். ஒன்றைக் கத்தி முனையால் கீறினால் ஒரு சொட்டு நீர் வழியும். உரிந்து வந்த பெயிண்டின் அடிப்பக்கம் வழவழவென்று இருக்கும், கீழே இரும்பு கறுத்திருக்கும். பிய்ந்த தடயமே தெரியாது. பிடியைத் தானாக விட்டிருக்கிறது. 1974-இல் கிளெட்ஹில், கின்லோக் என்ற ஆய்வாளர்கள் இருவரும் இதற்குக் கணக்குப் போட்டார்கள். காய்ந்த நிலையில் எப்பாக்ஸியை இரும்பின் ஆக்சைடிலிருந்து பிரிக்கச் சதுர மீட்டருக்கு 291 மில்லிஜூல் செலவாகும். நீருக்குள் அதே கணக்கு மைனஸ் 255. அதாவது யாரும் பிரிக்க வேண்டியதில்லை. ஆக்சைடுக்கு எப்பாக்ஸிப் பிசினைவிட நீர்தான் நெருங்கிய உறவு. நீர் வந்ததும் பிசின் இடத்தைக் காலி செய்கிறது. சில சமயம், துரு ஏறுவதற்கு முன்பே ஈரம் காய்ந்துவிட்டால், விட்ட பிடி ஓரளவு திரும்பவும் கிடைக்கும்.

நீர் எங்கும்தான் நுழைகிறது, கொப்புளம் எங்கும் வருவதில்லை. வருகிற இடத்தில் பெரும்பாலும் அடியில் உப்பு இருக்கும். இரும்பின் குழியில் ஒளிந்த உப்பு பூச்சின் வழியே நீரை இழுக்கிறது, பூச்சே சவ்வாகிவிடுகிறது. எஸ்.ஏ. இரண்டரை என்ற தூய்மைத் தரத்துக்கு கிரிட் துகள் வீசி அடித்து வெள்ளை வெளேரென்று ஆக்கிய தகட்டில்கூட மறுநாள் காலை அங்கங்கே கறுப்புப் புள்ளி தெரியும். "நேத்து பளபளன்னுதான் சார் இருந்துச்சு" என்பார் ஃபோர்மேன். இருந்தது உண்மைதான். ராத்திரி ஈரக்காற்றைக் குடித்து உப்பு தன்னைக் காட்டிக்கொண்டது. நல்ல தண்ணீரில் கழுவு, மறுபடி அடி என்பேன். அவர் முகம் சுருங்கும்.

ஆகவே நீரைக் குற்றவாளி என்று சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. எத்தில் சிலிக்கேட் துத்தநாக பிரைமர் இறுகுவதற்கே காற்றில் ஈரம் வேண்டும். வறண்ட நாளில் தரையில் தண்ணீர் தெளித்து வைப்போம். சித்தாந்தமும் உடலையும் உலகத்தையும் தரும் மாயையை இப்படித்தான் வைக்கிறது: கட்டும் அதுவே, ஆணவ இருளைச் சிறிது விலக்கி உயிருக்கு அறிவு துலங்க உதவுவதும் அதுவே. வெளியே கை நீட்டுவதைவிட்டு உள்ளிருக்கும் ஆணவத்தைப் பார் என்கிறது. ஆணவம் உயிரோடு கூடவே இருப்பது என்பதற்கு அவர்கள் சொல்லும் செம்பு, களிம்பு உவமையை மட்டும் நான் ஏற்க மாட்டேன். களிம்பு செம்போடு கூடப் பிறந்ததில்லை. காற்றும் ஈரமும் சேர்ந்து பின்னால் உண்டாக்குவது. உவமை இடறினாலும் கொள்கை நிற்கும். முப்பது வருட இறங்குதுறை இரும்பின் குழியில் உப்பு என்று வந்தது என்று யாருக்குத் தெரியும்? கழுவ நிற்கிறவனுக்கு அதுவும் அனாதிதான்.

பூச்சு எதைக் காக்கிறது என்பதற்கும் அதே மேய்ன்தான் விடை தந்தார். நீர் வரும், ஆக்சிஜன் வரும். ஆனால் துருவுக்கு வேண்டிய அயனி ஓட்டத்துக்கு நல்ல பூச்சு வழி விடாது. அந்த மின்தடை இருக்கும்வரை, இரும்பின் மேலேயே நீர் இருந்தாலும் அதற்குக் கை ஓடாது. மலம் உண்டு, அதன் தொழில் இல்லை என்று ஆசிரியர் சொன்னதை நான் இப்படித்தான் வாங்கிக்கொண்டேன்.

ஓர் இடம் இடிக்கிறது. பூச்சுகளுக்கான ஐஎஸ்ஓ 12944 தரநெறி 'உயர்' என்று வகைப்படுத்தும் நீடிப்புக்கே 15 முதல் 25 ஆண்டுதான். அதற்குள் பெரிய பராமரிப்பு வந்துவிடும். முத்தியிலிருந்தோ மீள்வதே இல்லை என்கிறார்கள். ஆசிரியரிடம் கேட்டேன். "உங்க பெயிண்ட் சடம், அருள் சடமில்லையே" என்றார். திருத்தமான பதில்தான். ஆனால் மறுபடி பூசாமலே நிற்கும் எதையும் நான் இதுவரை சோதித்ததில்லை. அந்த ஒரு விஷயத்தில் தபால்காரர் பக்கம்தான் சாய்கிறேன்.