நத்தாருக்கு ஒரு விரிப்பு: வீண் வேலையா?

திருவருகைக் காலம் தொடங்குவதற்குச் சில கிழமைகளுக்கு முன், ஞாயிறு இரண்டாம் பூசை முடிந்து திருவுடைகளைக் களைந்துகொண்டிருந்தேன். எம் பங்கைச் சேர்ந்த தாயார் ஒருவர் அறை வாசலில் வந்து நின்றார். கையில் ஒரு பை. பைக்குள் மடித்தபடி ஒரு மேசை விரிப்பு. விரித்துக் காட்டினார். நாலு மூலையிலும் நட்சத்திரம், நடுவில் பாலன் குடில், எல்லாம் புள்ளடித் தையல். ஆங்கிலத்தில் கிறாஸ் ஸ்ரிச் என்று நம் பெண்கள் சொல்லும் தையல் இதுதான். மாதாவின் நீல முக்காடு வரை வேலை முடிந்திருந்தது. சூசையப்பருக்கு இன்னும் தலை வரவில்லை.

"பாதர், ஒரு விஷயம் கேட்கவேணும். சிரிக்கக் கூடாது."

"சொல்லுங்கோ அம்மா."

கனடாவில் இருக்கும் மகள் தொலைபேசியில் கண்டித்தாளாம். "ஏன் அம்மா கண்ணைப் பழுதாக்கிறியள்? மெஷினில தைச்ச விரிப்பு கடையில மலிவாய்க் கிடக்கு, நான் வாங்கி அனுப்புறன். நூலுக்குச் செலவழிக்கிற காசை ஒரு ஏழைக்குக் குடுத்தாலும் புண்ணியம்" என்றாளாம். மகள் சொன்னதில் தாயாருக்குப் பிழை ஒன்றும் தெரியவில்லை. ஊசியைக் கீழே வைக்கவும் மனம் வரவில்லை.

"இது வீண் வேலையோ, பாதர்? பாவசங்கீர்த்தனத்தில சொல்லவேண்டிய விஷயமோ?"

நான் சிரிக்கவில்லை. உடனே மறுமொழி சொல்லவும் தெரியவில்லை. யோசித்துப் பத்திரிகையில் எழுதுகிறேன் என்றேன். "என்ர பேரைப் போடாதேங்கோ" என்று சொல்லிவிட்டுப் போனார். போடவில்லை.

மகளின் முதற் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்வோம். கடையில் கிடைப்பதைக் கையால் ஏன் செய்ய வேண்டும்?

இத்தையலை அறியாத ஆண்களுக்காகச் சிறிது விளக்கம். பெண்கள் இந்தப் பந்தியைத் தாண்டிப் போகலாம். இதற்கென நெய்த ஐடா என்னும் துணியில் சிறு கட்டங்கள் வரிசையாக இருக்கும். பெரும்பாலும் வழங்கும் துணியில் ஓர் அங்குலத்துக்கு 14 கட்டங்கள். முனை மழுங்கிய ஊசியால் ஒவ்வொரு கட்டத்திலும் மூலைக்கு மூலை ஒரு தையல், அதன் மேல் குறுக்காக மறு தையல். ஆறு இழையாக வரும் நூலைப் பிரித்து இரண்டு இழையைக் கோப்பார்கள். மேலே விழும் தையல்கள் யாவும் ஒரே பக்கம் சாய வேண்டும். ஒன்று மாறிச் சாய்ந்தாலும் வெளிச்சம் படும்போது அது தனியே தெரியும். எண்ணிக்கையில் ஒரு கட்டம் பிசகினால் பத்து வரிசை கடந்த பின்னரே கண்ணுக்குப் படும். பிறகு பிரிக்க வேண்டியதுதான். ஒரு சதுர அங்குலத்தில் 196 புள்ளடிகள். 10 அங்குல அகலமும் 12 அங்குல உயரமும் கொண்ட படத்தை முழுவதும் நிரப்பினால் 23,520. நிமிடத்துக்கு ஐந்து என்று வைத்தாலும் 78 மணித்தியாலத்துக்கு மேல் செல்லும். சமையலறை அடங்கிய பின் நாளுக்கு ஒரு மணித்தியாலம் என்று ஒக்டோபர் முதலாந் திகதி தொடங்குபவர் டிசெம்பர் 18ஆந் திகதியளவில் முடிப்பார். நாலு மூலை நட்சத்திரங்களை நான் கணக்கில் சேர்க்கவில்லை.

இவ்வளவுக்கும் பிறகு மெஷின் விரிப்பையும் இதையும் பக்கத்தில் வைத்தால், மெஷின் விரிப்பே சீராக இருக்கும். அதை ஒப்புக்கொள்ள வேண்டும். கைவேலை என்பதற்காக ஒரு துணி அழகாகிவிடுவதில்லை.

குருமடத்தில் மெய்யியல் படித்த நாட்களில் அரிஸ்டோட்டில் சொன்ன பாகுபாடு ஒன்று மனதிற் பதிந்தது. புனித தோமஸ் அக்குவினாசும் அதைப் பின்பற்றுகிறார். ஆக்குதல் வேறு, ஒழுகுதல் வேறு. ஆக்குதலின் நோக்கம் ஆக்கப்படும் பொருளில் இருக்கிறது. கதிரை செய்பவனுக்குக் கதிரை முடிந்தால் வேலை முடிந்தது. நீதியாய் ஒழுகுபவனுக்கு அப்படி வெளியே முடிந்து நிற்கும் பொருள் எதுவும் இல்லை. ஒழுகுவதிலேயே அதன் நிறைவு இருக்கிறது. மகள் இந்த விரிப்பை ஆக்குதலாகவே பார்க்கிறாள். அந்தப் பார்வையில் அவள் சொல்வது முழுவதும் சரி. தாயார் செய்வதில் மற்றதும் கலந்திருக்கிறது. அவர் 78 இரவுகள் ஒரு பிள்ளையின் வரவுக்காகக் காத்திருக்கிறார். வயிற்றில் பிள்ளையைச் சுமந்துகொண்டு சிறு சட்டைக்குக் கரை தைக்கும் பெண்ணைப் பார்த்து, "இது கடையில் கிடைக்குமே" என்று எவரும் குற்றஞ் சொல்வதில்லை அன்றோ? லண்டனில் விக்ரோறியா அல்பேட் அரும்பொருட்சாலையில் 1598 என ஆண்டு குறித்த தையல் மாதிரித் துணியொன்று இருக்கிறது. திகதி குறித்த பிரித்தானிய மாதிரித் துணிகளுள் இன்று எஞ்சியிருப்பவற்றில் அதுவே மிகப் பழையது. அதைத் தைத்த ஜேன் பொஸ்ரொக், ஆலிஸ் லீ என்னும் குழந்தை 1596இல் பிறந்த செய்தியை அதில் நூலால் எழுதி வைத்திருக்கிறார். ஒரு பிறப்பை ஊசியால் கொண்டாடுவது நம் தாய்மார் இன்று கண்ட புதுமையன்று.

ஆனால் இதை எல்லோர் தலையிலும் சட்டமாகச் சுமத்த நான் ஆயத்தமில்லை. ஆடைத் தொழிற்சாலையில் நாள் முழுதும் பிறருக்குத் தைத்துவிட்டு வீடு திரும்பும் பிள்ளையிடம், "நீயும் கையால் தைத்தால்தான் பக்தி" என்று சொல்வது கொடுமை. அவள் வாங்கி விரிக்கட்டும். கடை விரிப்பைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். மெஷின் தானாக ஓடுவதில்லை. அதன் முன்னும் எங்கோ ஒரு பெண் இருக்கிறாள். விரிப்பு மலிவு என்றால், பல வேளைகளில் அவளுடைய சம்பளமும் மலிவு என்றே பொருள்.

இனி இரண்டாவது கேள்வி. ஏழைக்குக் கொடுக்கலாமே என்பது. இது கடினமானது. குருவானவர் ஒருவர் இலேசாகத் தட்டிவிடக் கூடிய கேள்வியும் அல்ல.

பெத்தானியாவில் மரியாள் விலையுயர்ந்த பரிமளத் தைலத்தை ஆண்டவரின் பாதங்களில் ஊற்றினாள். முந்நூறு தெனாரியத்துக்கு விற்று ஏழைகளுக்குக் கொடுத்திருக்கலாமே என்று கேட்டவன் யூதாஸ். ஒரு தெனாரியம் ஒரு கூலியாளின் ஒருநாட் சம்பளம். ஆகவே ஏறக்குறைய ஒரு வருடக் கூலி அன்று தரையில் ஓடியது. ஆண்டவர் அவளைத் தடுக்கவில்லை. ஏழைகள் என்றும் உங்களோடு இருப்பார்கள் என்ற கருத்தில் அவர் சொன்னதை, கொடுக்க மனமில்லாதவர்கள் தமக்குச் சாட்சியாக இழுப்பதை நான் பலமுறை கேட்டிருக்கிறேன். அவர்கள் உபாகமத்தின் 15ஆம் அதிகாரத்தைத் திறந்து பார்ப்பதில்லை. அதே கருத்து அங்கே வருகிறது. ஆகையால் உன் கையைத் தாராளமாய்த் திற என்ற கட்டளையும் அந்த இடத்திலேயே தொடர்ந்து வருகிறது.

நான்காம் நூற்றாண்டின் இறுதியில் அந்தியோக்கியாவில் மத்தேயு நற்செய்தியை விளக்கிப் பிரசங்கித்த புனித யோவான் கிறிசோஸ்தோம், கிறிஸ்து பசியோடு வாசலில் நிற்கையில் பீடத்தில் அவருக்குப் பொற்கிண்ணம் வைத்து என்ன பயன் என்று கேட்டார். அவர் கிண்ணம் கொடுப்பதைத் தடுக்கவில்லை. பசித்தவனுக்கு முதலில், கிண்ணம் பிறகு என்று ஒழுங்கு சொன்னார். யாத்திராகமமும் இப்படித்தான். விதவையையும் அநாதையையும் அந்நியனையும் ஒடுக்காதே என்று கண்டிப்பாய்ச் சொல்லும் அதே நூல், கூடாரத் திருத்தலத்துக்குப் பூத்தையல் வேலை செய்ய ஒகோலியாபு என்பவனைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. கைத்திறனுள்ள பெண்கள் நூல் நூற்றுக் கொண்டுவந்ததையும் மறக்காமல் எழுதுகிறது. இரண்டுக்கும் இடம் உண்டு. வரிசை மாறக் கூடாது.

ஆகவே தாயாருக்கு என் யோசனை இது: நூலுக்கும் துணிக்கும் ஆன செலவை ஒரு துண்டில் எழுதுங்கள். அவ்வளவு காசை முதலில் ஒரு வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுங்கள். பெரிய தொகையாய் இராது. ஒன்று சொல்லாமல் விடமுடியாது. நம் வீடுகளில் யூதாசின் கேள்வி எப்போதும் அம்மாவின் நூற்பந்தைப் பார்த்தே எழும்புகிறது. நத்தாருக்கு இறங்கும் சாராயப் போத்தல்களைப் பார்த்து அது எழும்பியதை நான் இன்னும் கேட்கவில்லை.

துன்பக் காலத்தில் அலங்காரம் தகுமா என்ற கேள்வியும் இதனோடு சேர்ந்தது. 2023ஆம் ஆண்டு காசாவில் யுத்தம் நடந்தபோது, பெத்லகேமின் திருச்சபைகள் வழமையான நத்தார்க் கொண்டாட்டங்களை நிறுத்தின. அங்குள்ள லூத்தரன் ஆலயமொன்று உடைந்த கற்குவியலின் நடுவே பாலனைக் கிடத்தியது. அவர்கள் குடிலைக் கைவிடவில்லை. ஊர் இருந்த நிலையில் குடிலைக் கட்டினார்கள்.

மகள் கேட்காத மூன்றாவது கேள்வி ஒன்று இருக்கிறது. என் மனதுக்கு அதுவே பெரியது. விரிப்பு யாருக்காக?

நத்தாரை அடுத்து வரும் நாட்களில் வீடு வீடாகப் போவது எம் தொழில். நட்சத்திரம் தொங்கும் விறாந்தை, புதுத் திரைச்சீலை, திரு இருதயப் படத்துக்குச் சோடனை, மூலையில் குடில். எல்லாம் நன்று. மேசையில் அருமையான கைவேலை விரிப்பு, அதன் மேல் தடித்த பிளாஸ்ரிக் உறை! பலகாரத் தட்டு பிளாஸ்ரிக்கின் மேல் இருக்கும். சில வீடுகளில் அதுவும் இல்லை. விரிப்பு ஒரு மேசையில், சாப்பாடு வேறொரு மேசையில். அயல் வீட்டுச் சிறுவன் கிட்டப் போனால் நாலு குரல் எழும்பும்: "தொடாதை!" புறத்தே செய்யும் அலங்காரத்தில் குற்றம் பொருளில் இல்லை, அளவு கடந்து அதைப் பயன்படுத்தும் மனிதனில்தான் என்று புனித தோமஸ் ஆடையணிகளைப் பற்றிச் சொல்கிறார். விரிப்புக்கும் அது பொருந்தும் என்றே நினைக்கிறேன். விருந்தினனுக்கென்று விரித்த துணி விருந்தினனைக் கண்டு அஞ்சத் தொடங்கினால், அது தன் வேலையை மறந்துவிட்டது.

என் தாயாரும் புள்ளடித் தையல் தைத்தவர். 1990க்குப் பின் யாழ்ப்பாணத்துக்குப் பொருட்கள் வராத காலம். வர்ண நூல் கிடையாது. பழைய சேலைக் கரைகளை உருவி நூல் எடுத்தார். மண்ணெண்ணெய் துளியாகக் கிடைத்ததால், ஜாம் போத்தலுக்குள் சிறு திரியிட்ட விளக்கில்தான் இரவு வேலை. சிவப்பு முடிந்த இடத்தில் மண்ணிறம் வரும். அதனால் எங்கள் விரிப்பில் மணிகளெல்லாம் இரண்டு நிறம்.

1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமம் முழுவதும் எழுந்து நடந்தபோது எனக்குப் பன்னிரண்டு வயது. மழை. நாவற்குழிப் பாலத்தை நோக்கி அங்குலம் அங்குலமாகச் சனம் நகர்ந்தது. சைக்கிளில் அரிசிப் பைக்கு மேல் அந்த விரிப்பு இருப்பதைக் கண்ட அப்பா ஏசினார். "இதுக்கு இடமிருக்கோ இப்ப?" அம்மா மறுமொழி சொல்லவில்லை. இறக்கவும் இல்லை.

பாலன் பிறந்த நாட்டின் பெண்களும் இப்படிச் செய்தவர்களே. பாலஸ்தீனக் கிராமங்களில் புள்ளடித் தையல் தாயிடமிருந்து மகளுக்கு வரும் கலை. உடுப்பிலுள்ள கோலத்தைப் பார்த்து இன்ன ஊர் என்று சொல்லிவிடுவார்களாம். 1948இல் ஊரிழந்து அகதி முகாம்களுக்குப் போன பின்னும் அவர்கள் அந்தக் கோலங்களைத் தைத்தார்கள். 2021இல் யுனெஸ்கோ அதை மனித குலத்தின் மரபுரிமைப் பட்டியலிற் சேர்த்தது. ஊர் போனாலும் ஊரின் கோலம் துணியில் இருந்தது.

அந்த நத்தாருக்கு நாங்கள் தென்மராட்சியில் ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில் இருந்தோம். ஒரு அறைக்குள் ஐந்து குடும்பம். இரண்டு வாங்கை ஒட்டிவைத்து அம்மா விரிப்பை விரித்தார். பனையோலையும் களிமண்ணும் கொண்டு நான் குடில் செய்தேன். என் ஆடு நாயைப் போலிருந்தது. ஐந்து குடும்பத்தின் தேநீர்க் கோப்பைகளும் அந்த விரிப்பில் இருந்தன. பக்கத்துச் சைவக் குடும்பத்தின் மூன்று வயதுப் பெண்பிள்ளை பாலனைத் தொட்டுப் பார்க்க எட்டியபோது விளக்கைத் தட்டிவிட்டாள். மண்ணெண்ணெய் மணிகளின் மேல் ஊறியது. அந்தப் பிள்ளையின் தாய் நடுங்கிப் போனார். ஐந்து வருட உழைப்பு அது என்று அவருக்குத் தெரியும். அம்மா பிள்ளையைத் தூக்கி, கையில் எண்ணெய் பட்டதா என்று முகர்ந்து பார்த்து, பாலனை எடுத்து அவளிடமே கொடுத்தார்.

விரிப்பு இன்னும் எங்கள் வீட்டில் இருக்கிறது. எண்ணெய்க் கறை போகவில்லை.

இதை எழுதி முடித்து, அச்சுக்குக் கொடுக்குமுன் அத்தாயாரிடம் வாசித்துக் காட்டினேன். பொறுமையாகக் கேட்டார். நூற் செலவைக் கணக்கெடுத்துக் கொடுக்கச் சம்மதம் என்றார். யாருக்குக் கொடுப்பது என்றும் நினைத்து வைத்திருக்கிறாராம். மகளுக்கு இந்தப் பக்கத்தை வெட்டி அனுப்புவதாகவும் சொன்னார்.

"அப்ப, இந்த முறை அந்தப் பிளாஸ்ரிக் உறையைக் கழற்றிவிடுவீங்கள்தானே அம்மா?"

சூசையப்பருக்குத் தலை வைத்தாகிவிட்டது. மடியிலிருந்த துணியைத் தடவிக்கொண்டு கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

"அதை மட்டும் கேளாதேங்கோ, பாதர்."