இடுப்பளவு

மார்கழி. மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டம்.

பேருந்து இறக்கிவிட்டு ஊத்து எஸ்டேட்டுக்குப் போகிறது. வளைவில் அதன் ஓசை தேய்கிறது. பிறகு அதுவும் இல்லை.

*

காது மடலில் குளிர். மணிமுத்தாறு சோதனைச் சாவடியில் கழற்றி மடித்த ஸ்வெட்டரைக் கை தேடுகிறது.

*

பனி. பாதை பத்தடிக்குத் தெரிகிறது. பத்தடி நடந்தால் இன்னும் பத்தடி.

*

லைன் வீடுகள். ஒரே கூரை, வரிசையாகக் கதவுகள். பூட்டுகள் புதியவை. பூட்டுக்குப் பக்கத்தில், கைபட்டுக் கைபட்டு வழவழத்துப்போன மரம் பழையது.

ஒரு வாசலில் கோலம். அடுத்த வாசலில் இல்லை. அதற்கடுத்ததிலும் இல்லை.

*

தேயிலை செடியல்ல, மரம். கொழுந்து எடுக்க எடுக்க, கவாத்து செய்யச் செய்ய, இடுப்பளவிலேயே நின்றுவிடும் மரம். கைகள்தான் அதன் உயரம்.

2024 ஜூனில் தோட்ட வேலை நின்றது.

இப்போது என் தோளுக்கு வந்திருக்கிறது. சில இடங்களில் தலைக்கு மேல்.

*

இலைக்கு அடியில் ஒரு பூ.

காசு அகலம். வெள்ளை இதழ், சற்றுத் தடித்தது, ஓரம் உள்ளே வளைந்தது. நடுவில் மஞ்சள் இழைகள் நெருக்கியடித்து நிற்கின்றன. முகம் மண்ணைப் பார்க்கிறது. அதைப் பார்க்க நான் குனிய வேண்டியிருக்கிறது.

தேனீ ஒன்று வந்து தொற்றுகிறது. அந்தச் சின்னக் கனத்துக்கே காம்பு தாழ்கிறது. ஒரு சொட்டு விழுகிறது.

கொழுந்துக்காக வளர்த்த தோட்டத்தில் பூவை யாரும் எதிர்பார்த்ததில்லை. அது பூத்திருக்கிறது.

*

1929. சிங்கம்பட்டி ஜமீன். பம்பாய் பர்மா கம்பெனி. 8,000 ஏக்கருக்கு மேல். 99 வருஷக் குத்தகை. 2028 வரை.

நடையோடு சேர்ந்து இந்த எண்கள் மனதில் வருகின்றன, போகின்றன. காட்டை வெட்டி நட்டவர்களின் பேத்திகளும் கொழுந்து எடுத்து முடித்துவிட்டார்கள். அதற்கு எண் எதுவும் நினைவுக்கு வரவில்லை.

*

கணுக்காலில் ஈரம். வலி இல்லை. அட்டை.

கறுத்த நூலாக ஏறியது பருத்துக்கொண்டிருக்கிறது. கையில் உப்பும் இல்லை, சுண்ணாம்பும் இல்லை. கல்லில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். நிறைந்ததும் தானாக உதிர்கிறது.

ரத்தம் மட்டும் மெல்ல இறங்குகிறது. அவசரமில்லாமல்.

*

கோலமிட்ட வாசலில் ஒரு பாட்டி. கட்டன் சாயா தருகிறார். டம்ளரின் சூடு முதலில் உள்ளங்கைக்கு, பிறகு நாக்குக்கு.

"கீழ போயி ரெண்டு மாசம் இருந்தம்யா. வெக்கையில உறக்கமே வரல."

அவ்வளவுதான் சொல்கிறார். நானும் ஒன்றும் கேட்கவில்லை. அவருடைய கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் முந்தானை நுனியைக் கிள்ளிக்கொண்டே இருக்கின்றன. கிள்ளுவதை அவர் பார்க்கவில்லை.

*

எங்கோ கருமந்தியின் குரல். ஒருமுறை. பிறகு பள்ளத்தாக்கு முழுக்கக் காத்திருப்பு.

*

வீட்டுக்குப் பின்னால் வாழை. குலை தள்ளியிருக்கிறது. வெட்ட ஆளில்லை.

2023 செப்டம்பரில் அரிக்கொம்பன் நாலுமுக்கு எஸ்டேட் பக்கம் வந்து வாழைகளைத் தின்றது. சின்னக்கானலில் பிடிபட்டு, பெரியாற்றுக் காட்டில் விடப்பட்டு, கம்பம் வரை நடந்து, மறுபடி பிடிபட்டு, இந்த மலைக்குக் கொண்டுவரப்பட்ட யானை.

இரவில் அது எந்தத் திசையைப் பார்த்து நின்றிருக்கும் என்று ஒரு எண்ணம். வந்த வழியே போகிறது.

*

ஓடை. கையை வைக்கிறேன். குளிர் எலும்பைத் தொடுகிறது.

இந்தத் தண்ணீர் மணிமுத்தாறு அணைக்குப் போகும். அணையைத் தாண்டித் தாமிரபரணி. திருநெல்வேலி. கொக்கிரகுளம்.

1999 ஜூலை 23. மாஞ்சோலைத் தொழிலாளர்களுக்காகப் போன ஊர்வலம். போலீஸ் தடியடி. ஆற்றில் 17 பேர் இறந்தார்கள். அவர்களில் ஒரு கைக்குழந்தை.

கையை எடுக்கத் தோன்றவில்லை. விரல்களுக்கு நடுவே தண்ணீர் போய்க்கொண்டிருக்கிறது.

*

பனி விலகுகிறது. எதிர்ச் சரிவு முழுக்கத் தேயிலை. முன்பு கத்தரித்த விரிப்பாக இருந்த பச்சை இன்று கலைந்த தலைமுடி.

கொஞ்ச நேரம் அது தெரிகிறது. மறுபடி பனி.

*

உட்காருகிறேன். மூச்சு உள்ளே வருகிறது. பச்சிலை வாசனை, ஈர மண் வாசனை. முன்பு இங்கே வாசம் என்றால் ஃபேக்டரியில் தூள் வறுபடும் வாசம்தான். அதையும் மூக்கு ஒருமுறை தேடிப் பார்க்கிறது.

*

மதியம். ஊத்திலிருந்து பேருந்து திரும்பி வருகிறது. என்னோடு சேர்த்து ஐந்து பேர்.

சீட்டுகளுக்கு நடுவே ஒரு தையல் மெஷின். தேங்காய்க் கயிற்றால் சீட்டுக் கம்பியோடு கட்டியிருக்கிறது.