பணம் யார் கையில்?

பிறர் துணையின்றி எழுந்து உட்காரவும் இயலாத ஒருவருக்குப் பொதுப்பணத்திலிருந்து உதவி செய்கிறோம். அப்பணத்தை அவரிடமே கொடுப்பதா, உறவினரிடம் ஒப்படைப்பதா? யோசியாமலே இரண்டாவது வழியைப் பின்பற்றும் சங்கங்கள் பல. நாமும் அதற்கு விலக்கல்ல.

அமெரிக்காவில் இதைப் பரீட்சித்தே பார்த்தார்கள். 1998-ம் ஆண்டு இறுதியில் ஆர்க்கன்சா மாகாணத்தில் தொடங்கி, நியூஜெர்ஸியிலும் புளோரிடாவிலும் நடந்த அத்திட்டத்தின் பெயர் 'ரொக்கமும் ஆலோசனையும்'. ஊனமுற்றோருக்கும் முதியோருக்கும் ஸ்தாபனம் அனுப்பும் பணியாளுக்குப் பதில் மாதந்தோறும் ஒரு தொகை ஒதுக்கப்பட்டது. குளிப்பாட்ட யாரை வைப்பது, எந்நேரம் வரச் சொல்வது என்பது அவரவர் விருப்பம். சொந்த மகளையே சம்பளத்துக்கு அமர்த்தியவர்களும் உண்டு.

நாம் கவனிக்க வேண்டியது அதன் ஏற்பாடு. கணக்கர் சம்பளச் செக் எழுதுவார், வரி கட்டுவார், செலவு திட்டத்துக்கு உட்பட்டதா என்று பார்ப்பார். இவரை வை, அவரை நீக்கு என்று சொல்ல அவருக்கு அதிகாரமில்லை. ஆலோசகர் திட்டம் வகுக்கத் துணை நிற்பார். தாமாகத் தீர்மானிக்க இயலாதவர் ஒரு பிரதிநிதியை வைத்துக்கொள்ளலாம். அவரே சம்பளம் பெறும் பணியாளாகவும் இருப்பது பொதுவாக அனுமதிக்கப்படவில்லை. மோசடி மலியும் என்று அஞ்சியவர்கள் அநேகர். ஆராய்ந்தவர்களோ அது அரிதென்றே கண்டார்கள். ஆர்க்கன்சாவில் பராமரிப்புச் செலவு கூடியது உண்மைதான். முன்பு ஏட்டளவில் நின்ற உதவி இப்போது மெய்யாகவே கிடைத்தது அதற்குப் பெருங்காரணம்.

விவேகமற்றவரிடம் பொருளை ஒப்படைக்கலாகாது என்று சூரத்துன்னிஸா கூறவில்லையா எனச் சிலர் கேட்கலாம். அதே இடத்தில், அவர்களிடம் கனிவாகப் பேசுமாறும், அநாதைகளின் பொருளைத் தக்க பக்குவம் கண்டதும் சாட்சிகள் முன்னிலையில் திருப்பிக் கொடுக்குமாறும், வசதியுள்ள காப்பாளர் அதிலிருந்து எதுவும் எடுக்கலாகாதென்றும் இருக்கின்றனவே! மேலும், கால் நடவாமை விவேகக் குறைவாகுமா? கண் பார்வையற்ற இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்களிடம் மதீனாவின் பொறுப்பையே நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஒப்படைத்துச் சென்றதுண்டு. புத்தி வளர்ச்சி குன்றியவர் விஷயம் கடினமானதுதான். அவருக்கும் யார் தம்மைத் தொடலாம், எது உண்ணப் பிடிக்கும் என்ற விருப்பம் உண்டன்றோ?

எமது உதவி ஜாபிதாவில் பல்லாண்டாக இருக்கும் ஒரு சகோதரர், பெருநாளன்று காணச் சென்ற எம்மிடம், "என் பேருக்கு மாசம் எவ்வளவு வருது, நானா?" என்று கேட்டார். எமக்குத் தலை குனிந்தது. அவருடைய அண்ணன் ஒரு காசும் அபகரித்தவரல்லர். அரிசியும் மருந்தும் ஒழுங்காக வாங்கினார், ரசீதுகளை எம்மிடம் காட்டினார். உரியவரிடம் காட்ட வேண்டுமென்று அவருக்கும் தோன்றவில்லை, எமக்கும் தோன்றவில்லை.

இப்போது பொருளாளர் மாதந்தோறும் தம்பியிடமே போய்த் தொகையைக் கொடுத்து, கணக்கை வாசித்துக் காட்டி வருகிறார். அண்ணனுக்கு மனத்தாங்கல், அது நியாயமற்றதென்று நாம் சொல்ல மாட்டோம். முதல் மாதம் தம்பி செய்த முதற்செலவு, நாவிதரை வீட்டுக்கு அழைத்ததுதான். நானே சிரைத்துவிட மாட்டேனா, வீண் செலவு என்றார் அண்ணன். நாம் குறுக்கிடவில்லை.